வீட்டு நாயின் உடற்பருமன்: அறிதலும் தடுத்தலும்

வயலுக்கு யூரியாவை அளவு மிஞ்சி இட்டால் நெற்பயிர் கரும்பச்சை நிறங்கொண்டு, பார்ப்போர் கண்ணுக்கு இனிதாகத் தழைத்து நிற்கும். பயிர்ச்செய்கையிற் பழக்கமில்லாதவர் அதனை நல்ல வேளாண்மையென்றே கொள்வர். அனுபவமுள்ள கமக்காரரோ அவ்வாறு கொள்ளார். அத்தகைய பயிரை எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் எளிதிற் பற்றும் என்பதையும், காற்றும் மழையும் வந்தால் அது சாய்ந்துவிடும் என்பதையும் அவர் அறிவார்.

வீட்டில் வளர்க்கும் நாயைப் பற்றியும் இவ்வுண்மையை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். உருண்டு திரண்டு, முதுகு அகன்று, நடக்கும்போது வயிறு அசையுமாறு வளர்ந்த நாயைக் கண்டால், நன்றாக உணவிட்டு வளர்த்திருக்கிறார்கள் என்று அயலவர் பாராட்டுவர். வீட்டாரும் மகிழ்வர். ஆனால் மிருக வைத்தியர் அந்நாயை நோயுற்ற நாயென்றே கருதுவார். உடற்பருமன் வெறும் தோற்றக் குறைபாடு அன்று. அது நாயின் ஆயுளைக் குறைக்கும் ஒரு நோயாகும். அந்நோயை உண்டாக்குபவர்கள் பெரும்பாலும் நாயின்மேல் அன்புடைய வீட்டாரே. ஆதலின் அதனைத் தடுப்பதும் அவர்கள் கையிலேயே உள்ளது.

கமத்துக்கு நாய் செய்யும் உதவி

நெல் கதிர் தள்ளும் காலத்திற் காட்டுப்பன்றிகள் ஓரிரவில் வயலை உழக்கிவிடும். மரக்கறித் தோட்டங்களைக் குரங்கு, மயில், முள்ளம்பன்றி, கட்டாக்காலி மாடுகள் ஆகியன அழிக்கின்றன. இவற்றின் வரவை மனிதருக்கு முன்னரே அறிந்து குரைத்து, காவலிருப்போரை எழுப்புவது நாயே. கமக்காரர் வீட்டில் அது வெறும் செல்லப் பிராணி மாத்திரமன்று. சம்பளம் பெறாத ஒரு காவலாளியுமாகும்.

கொழுப்பேறிய நாய் இவ்வேலைக்கு உதவாது. வரம்பின்மேற் சிறிது தூரம் ஓடினாலே அதற்கு மூச்சு வாங்கும். பன்றியின் முன் விரைந்து விலகித் தப்ப அதனால் இயலாது. பகல் வெயிலில் அது நிழலை விட்டு எழுந்திராது. வீட்டார் அதனை வயது வந்த நாய் என்றும், சோம்பலுள்ள நாய் என்றும் எண்ணுவர். உண்மையிற் பல நாய்கள் வயதினால் அன்றிப் பாரத்தினாலேயே ஓய்ந்துவிடுகின்றன.

பருமன் உண்டாகும் காரணங்கள்

உடல் செலவிடும் சக்தியிலும் பார்க்க உணவினாற் பெறும் சக்தி கூடும்போது, மிகுதியானது கொழுப்பாகச் சேமிக்கப்படுகின்றது. இதுவே அடிப்படைக் காரணம். உணவின் சக்தியைக் கலோரிக் கணக்கில் அளப்பர். கருத்தடை செய்யப்பட்ட, 15 கிலோகிராம் எடையுள்ள, வளர்ந்த வீட்டு நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி போதுமானது. ஓடியாடித் தொழில் செய்யும் நாய்க்கு இதனினும் கூடுதலாகவும், நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய்க்கு இதனினும் குறைவாகவும் வேண்டும்.

நம் வீட்டு உணவுகளின் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி உண்டு. 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி வரை உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கும். மாரி பிஸ்கற்று ஒன்றில் ஏறக்குறைய 25 கலோரி இருக்கும். ஒரு நாய்க்கு அதன் தேவைக்கு மேலாக நாள்தோறும் நான்கு பிஸ்கற்றுக்கள் கொடுக்கப்படின், அது 100 கலோரி மிகையாகும். இம்மிகை சேர்ந்து இரண்டரை மாதமளவில் ஒரு கிலோகிராம் கொழுப்பாகக்கூடும். 15 கிலோகிராம் எடையுள்ள நாய்க்கு ஒரு கிலோகிராம் கூடுவது, 60 கிலோகிராம் எடையுள்ள மனிதருக்கு நான்கு கிலோகிராம் கூடுவதற்குச் சமமாகும்.

இம்மிகை வீட்டிற் புகும் வழிகள் சில.

முதலாவது, பலர் உணவிடுதல். காலையில் தாய் பழஞ்சோறு வைப்பார். பாடசாலை விட்டு வந்த பிள்ளை தன் பாணிற் பாதியைப் போடும். மாலையில் தேநீர் அருந்தும் பாட்டனார் பிஸ்கற்றுக் கொடுப்பார். இரவில் எல்லோருடைய கோப்பைகளிலும் எஞ்சியது நாயின் சட்டிக்குப் போகும். ஒவ்வொருவரும் தாம் கொடுத்தது சிறிதென்றே எண்ணுவர். நால்வர் கொடுத்ததையும் கூட்டிப் பார்ப்பவர் இலர். அவிழ்த்து விட்ட நாயாயின் அயல் வீட்டிலும் ஒரு வேளை உண்டு வரும்.

இரண்டாவது, வேலை குறைந்த காலத்திலும் உணவைக் குறையாது விடுதல். பெரும்போகத்தில் இரவு முழுவதும் வயலைச் சுற்றிய நாய், அறுவடை முடிந்தபின் வீட்டு முற்றத்தில் உறங்குகின்றது. வேலை குறைந்துவிட்டது, சோற்றின் அளவு குறையவில்லை. வேலையில்லாத மாதங்களிலேயே பல நாய்கள் கொழுக்கின்றன.

மூன்றாவது, கருத்தடைக்குப் பின் உணவை மாற்றாது விடுதல். கருத்தடை செய்தால் நாய் கொழுத்துவிடும் என அஞ்சி, அதனைச் செய்யாது விடுவோரும் உளர். அது தவறு. வேண்டாத குட்டிகள் பெருகாதிருப்பதற்கும், தெருநாய்த் தொகை குறைவதற்கும் கருத்தடை இன்றியமையாதது. கருத்தடை செய்யப்பட்ட நாயின் சக்தித் தேவை ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைகின்றது. அதன் பசியோ கூடுகின்றது. ஆதலின் சிகிச்சை முடிந்த நாட்களிலிருந்தே உணவின் அளவைக் குறைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் நாய் கொழுக்காது.

நான்காவது, வயதும் இனமும். முதுமையடையும் நாய்க்கு உணவுத் தேவை குறையும். லபிரடோர் போன்ற சில வெளிநாட்டினங்கள் எளிதிற் கொழுக்கும். அவ்வின நாய்களிற் பலவற்றில், உண்டும் பசி தீராதிருக்கச் செய்யும் ஒரு மரபணு மாற்றம் உண்டென இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். இத்தகைய நாய் உணவுக்குக் கெஞ்சுவதை மாத்திரம் கொண்டு அது பட்டினியாய் இருக்கின்றதென முடிவு செய்தல் கூடாது.

கையாலும் கண்ணாலும் அறியும் முறை

உடற்பருமனை அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நாயை நிற்கவைத்துப் பின்வரும் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்க.

விலாச் சோதனை: நாயின் இரு பக்கத்து விலாக்களின்மேலும் விரல்களை மெதுவாக வைத்துத் தடவுக. பின்னர் உமது கையையே தடவி ஒப்பிட்டுப் பார்க்க. கையை விரித்து நீட்டி, புறங்கையின்மேல் விரலோட்டினால் எலும்புகள் மெல்லிய தோலின் கீழ்த் தெரிவதுபோல நாயின் விலாக்களும் தட்டுப்படுமாயின், அது நல்ல நிலையில் இருக்கின்றது. கையை முட்டியாக மடித்து, விரற்கணுக்களின்மேல் தடவுவதுபோல விலாக்கள் துருத்தி நிற்பின் அது மெலிந்த நாய். உள்ளங்கையின் சதைப்பற்றைத் தடவுவதுபோல இருந்து, அழுத்தினாலன்றி விலாக்கள் தட்டுப்படாவிடின் அது கொழுத்த நாய்.

இடைச் சோதனை: நாயின் மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்க. விலாக்களுக்குப் பின்னால் உடல் ஒடுங்கி, இடை தெரிதல் வேண்டும். முதுகு நெடுகிலும் ஒரே அகலமாய் இருந்தாலோ, இடைப்பகுதி வெளியே புடைத்திருந்தாலோ பருமன் உண்டு.

வயிற்றுச் சோதனை: நாயின் பக்கத்திற் குந்தியிருந்து பார்க்க. நெஞ்சிலிருந்து பின்னங்கால்களை நோக்கி வயிற்றுக்கோடு மேலேறிச் செல்லுதல் வேண்டும். அது நேராகவோ தொங்கியோ இருப்பின் பருமன் எனக் கொள்க. வாலின் அடியிலும் கழுத்திலும் கொழுப்புத் திரண்டிருத்தல் முற்றிய நிலையைக் காட்டும்.

மிருக வைத்தியர்கள் இச்சோதனைகளைக் கொண்டே நாயின் உடல்நிலைக்கு ஒன்று முதல் ஒன்பது வரை புள்ளியிடுவர். நான்கும் ஐந்தும் நல்ல நிலை. ஆறும் ஏழும் மிகை எடை. எட்டும் ஒன்பதும் உடற்பருமன். சடைமயிர் உள்ள நாய்களிற் கண்ணை நம்பாது கையையே நம்புதல் வேண்டும்.

எடையையும் மாதமொருமுறை குறித்துவருதல் நன்று. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நிறுத்து, பின்னர் தனியே நின்று உமது எடையை அறிந்து அதனைக் கழிக்க. தூக்க முடியாத நாயை, மரக்கறி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றி நிறுக்கலாம். தராசு கிடையாவிடின், கடைசி விலாவுக்குப் பின்னால் இடையைச் சுற்றி ஒரு கயிற்றால் அளந்து, அளவில் முடிச்சிட்டு வைக்க. அடுத்த மாதம் அம்முடிச்சு எட்டாவிடின் நாய் பருத்துவிட்டதென அறியலாம்.

பருமன் போலத் தோன்றும் வேறு நோய்கள்

வயிறு பெரிதாயுள்ள நாய்கள் யாவும் கொழுத்தவை அல்ல. விலாவெலும்புகள் தெரிய வயிறு மாத்திரம் ஊதியிருக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் வயிற்றிற் புழுக்கள் இருக்கும். வளர்ந்த நாயின் முதுகு வற்றி வயிறு வீங்குமாயின், இருதய நோயினாலோ ஈரல் நோயினாலோ நீர் சேர்ந்திருக்கக்கூடும். பெட்டை நாயாயின் கருவுற்றிருக்கலாம். உணவைக் கூட்டாதிருந்தும் நாய் பருத்து, சோர்ந்து, மயிர் உதிர்ந்து காணப்படின் அது சுரப்பிகளைப் பற்றிய நோயாக இருத்தல் கூடும். இந்நிலைமைகளில் உணவைக் குறைப்பது தீங்கையே விளைவிக்கும். உடனே மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

பருமனால் விளையும் கேடுகள்

மிகை எடையை முதலிலே தாங்குபவை மூட்டுக்கள். இடுப்பிலும் முழங்காலிலும் மூட்டுவாதம் தோன்றி, நாய் எழும்போது முனகும், படியேற மறுக்கும். முழங்காலின் உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் அறுந்து பின்னங்காலை ஊன்ற முடியாது போதலும் உண்டு. பருமனுற்ற நாய்க்கு மூச்சு விடுதல் கடினமாகும். சத்திரசிகிச்சையின்போது மயக்க மருந்தினால் ஏற்படும் ஆபத்தும் கூடும்.

நம் நாட்டின் வரண்ட வலயத்தில் இன்னுமோர் ஆபத்தைக் கருதுதல் வேண்டும். நாய் மனிதரைப்போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்தே அது தன் உடற்சூட்டைத் தணிக்கின்றது. கொழுப்பு உடற்சூட்டை வெளியே விடாது தடுக்கும். ஆதலின் கடும் வெயிலிற் கொழுத்த நாய் வெப்பத் தாக்கத்தால் இறக்கவும் கூடும். நாய் இடைவிடாது இளைத்து, எச்சில் வடித்து, முரசு சிவந்து தள்ளாடுமாயின், உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் கிணற்று நீரை ஊற்றி, காற்றுப்படச் செய்து, தாமதமின்றி மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க.

அளவாய் உண்ணும் நாய் நீண்டநாள் வாழும் என்பது ஆராய்ச்சியாலும் நிறுவப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 48 லபிரடோர் நாய்களைக் குட்டிப்பருவம் முதல் வாழ்நாள் முழுவதும் வளர்த்து, 14 ஆண்டுகளாக ஓர் ஆய்வு நடத்தினர். ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றையதிலும் நாலிலொரு பங்கு குறைவாக உணவளித்தனர். 2002 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, குறைவாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுட்காலம் 13 ஆண்டுகளாகவும், கூடுதலாக உண்டவற்றின் ஆயுட்காலம் 11.2 ஆண்டுகளாகவும் இருந்தன. குறைவாக உண்டவற்றுக்கு மூட்டுவாதச் சிகிச்சையும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிந்தியே தேவைப்பட்டது. கூடுதலாக உண்ட நாய்கள் மிக அதிகம் கொழுத்தவையும் அல்ல. மிதமான மிகை எடையே உடையவை. மிதமான மிகையும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வாழ்வைக் கவர்ந்துகொண்டது என்பதைக் கவனிக்க.

தடுக்கும் முறைகள்

பசளையை அளந்து இடுவதுபோல நாயின் உணவையும் அளந்து இடுதல் வேண்டும். இதற்கென ஒரு பால்பேணியை ஒதுக்கி வைக்க. ஒரு பேணி சோறு எத்தனை கிராம் என்பதை ஒருமுறை நிறுத்து அறிந்துகொண்டால், பின்னர் நாள்தோறும் நிறுக்க வேண்டியதில்லை. உணவிடும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடமே ஒப்படைத்தல் நன்று. ஒரு நாளைக்குரிய அளவை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் கொடுக்க. இருபது நிமிடத்துள் உண்ணாது விட்டதை எடுத்துவிடுக. சுத்தமான நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

வெறுஞ்சோறும் சொதியும் நாய்க்கு முழு உணவாகா. அவித்த மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றுள் ஒன்று நாள்தோறும் சேர்தல் வேண்டும். தோட்டத்திற் கழிக்கப்படும் போஞ்சி, பயற்றங்காய், பூசணி, கரட் முதலியவற்றை உப்பின்றி அவித்துச் சோற்றுடன் கலந்தால், சக்தி கூடாமல் வயிறு நிரம்பும். மருந்து தெளித்த மரக்கறியாயின், அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்கள் கழிந்ததா என்பதை, உமது குடும்பத்துக்குப் பார்ப்பதுபோலவே நாய்க்கும் பார்த்துக்கொள்க.

தேங்காய்ப்பால், பொரித்த எண்ணெய், இறைச்சிக் கொழுப்பு, சீனிப் பண்டங்கள், உப்பு மிகுந்த கருவாடு ஆகியவற்றை விலக்குக. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். ஆகவே அவை சேர்ந்த கறிகளைச் சட்டியில் ஊற்றுதல் கூடாது. சமைத்த எலும்பு சிம்பாய்ப் பிளந்து குடலைக் குத்தும், அதனையும் கொடாதிருக்க. பிள்ளைகள் அன்பினால் ஏதாவது கொடுக்க விரும்பின், வெள்ளரித் துண்டோ கரட் துண்டோ கொடுக்கப் பழக்குக. இத்தகைய சிறுதீன் யாவும் சேர்ந்து நாளாந்த உணவின் பத்திலொரு பங்கை மிஞ்சலாகாது.

நாயை நாள் முழுவதும் கட்டி வைத்தல் கூடாது. காலையில் வயல் பார்க்கச் செல்லும்போதும், மாலையில் நீர் திருப்பச் செல்லும்போதும் அதனை உடன் அழைத்துச் சென்றால் தேவையான நடை கிடைத்துவிடும். நண்பகல் வெயிலில் ஓடவைத்தல் ஆகாது. அறுவடை முடிந்து காவல் வேலை குறையும்போது உணவையும் அதற்கேற்பக் குறைத்து, அடுத்த போகம் தொடங்கும்போது விலாவைத் தடவிப் பார்த்துத் தேவையாயிற் கூட்டுக.

கொழுத்த நாயை மெலிவித்தல்

முதலில் மிருக வைத்தியரிடம் காட்டி, வேறு நோய் இல்லையென அறிந்து, நாய்க்கு ஏற்ற எடை எதுவெனக் கேட்டுக்கொள்க. பட்டினி போடுதல் கூடாது. பட்டினியாற் கொழுப்புடன் தசையும் கரையும். கிழமைக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை குறைவதே முறையானது.

உதாரணமாக, 15 கிலோகிராம் இருக்கவேண்டிய நாய் 18 கிலோகிராம் இருக்கின்றதெனக் கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 530 கலோரி உணவு கொடுக்கலாம். 200 கிராம் சோறு, 150 கிராம் அவித்த மீன், 200 கிராம் அவித்த மரக்கறி ஆகியன சேர்ந்து ஏறக்குறைய இவ்வளவாகும். சோற்றையும் கொழுப்பையுமே குறைக்கவேண்டுமன்றி மீனைக் குறைத்தலாகாது. கிழமைக்கு 180 முதல் 360 கிராம் வரை எடை இறங்கினால், மூன்று நான்கு மாதங்களில் நாய் உரிய நிலையை அடையும். இவ்வுணவை நீண்டகாலம் கொடுப்பதாயின், கல்சியம் முதலிய சத்துக்களைச் சேர்க்கும் முறையை மிருக வைத்தியரிடம் கேட்டறிக. நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுக.

முதல் இரண்டு கிழமைகளும் வீட்டாருக்கே கடினமானவை. நாய் சட்டியை நக்கிவிட்டு முகத்தைப் பார்த்து நிற்கும். அப்போது மனமிரங்கி ஒரு பிடி சோறு போட்டால் அன்றைய முயற்சி வீணாகும். உணவு வேளையில் நாயை வேறிடத்தில் விடுக. கொடாதிருக்க மனமில்லையெனின், அன்றைக்குரிய அளவிலேயே ஒரு சிறு பங்கை எடுத்துவைத்து அதனைக் கொடுக்க. புதிதாக ஒன்றும் சேர்க்கற்க. அயலவருக்கும் இதனை அறிவித்து வைக்க.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நாயின் விலாவைத் தடவியும், இடையையும் வயிற்றையும் பார்த்தும் அறிக. மாதமொருமுறை நிறுக்க.

2. உணவை அளந்து, ஒருவரே, நாளுக்கு இருவேளை கொடுக்க.

3. கருத்தடை செய்தபின்னும், காவல் வேலை குறைந்த காலத்திலும் உணவைக் குறைக்க.

4. தேங்காய்ப்பால், எண்ணெய், இனிப்பு, வெங்காயம் சேர்ந்த கறி, சமைத்த எலும்பு ஆகியவற்றை விலக்குக.

5. நாள்தோறும் காலையும் மாலையும் நடக்கவைக்க; நண்பகல் வெயிலைத் தவிர்க்க.

6. விலா தெரிய வயிறு மாத்திரம் வீங்கிய நாயை மிருக வைத்தியரிடம் காட்டுக.

விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவதற்கு ஆண்டுதோறும் நாயைக் கொண்டுசெல்லும்போது, அதன் உடல்நிலையையும் பார்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். மேலதிக ஆலோசனைகளை உங்கள் பிரிவிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்திற் பெற்றுக்கொள்ளலாம்.